எண்ணூர்ப் பனியில் எடுத்த படம் ஏன் சாம்பலாக வருகிறது?

தண்டையார்பேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொங்கல் முடிந்த அடுத்த வாரம் விடியற்காலையில் கேமராவோடு எண்ணூர் கழிமுகத்துக்குப் போனேன். நல்ல பனி. கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்றிருபது படமும் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது. என்னிடம் இருப்பது கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான். என்ன தப்பு செய்தேன்? வடசென்னையில் எங்கே, எப்போது போனால் பனி கிடைக்கும்? எடுத்த படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடலாமா?"

முதலில் சாம்பல் விஷயத்தைப் பார்ப்போம். உங்கள் லென்ஸில் குறையில்லை. கேமராவுக்குள் இருக்கும் வெளிச்சம் அளக்கும் மீட்டர், எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. வெயிலில் ஒரு தெருவை எடுத்தால் வெளிச்சமும் நிழலும் கலந்து சராசரி ஏறக்குறைய அங்கே வந்து நிற்கும், படமும் சரியாக வரும். பனியில் ஃபிரேம் முழுக்க வெள்ளை. மீட்டருக்கு அது தெரியாது. அந்த வெள்ளையையும் சாம்பலாக்கி வைக்கும். வெள்ளை வேட்டியைக் கிட்டப் போய் எடுத்தாலும் இதேதான் நடக்கும்.

அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பை, ஏற்ற வேண்டும். சூரியன் வருவதற்கு முன், இன்னும் இருட்டு கலந்திருக்கும்போது +0.7 போதும். வெளுத்த பிறகு +1. சூரியன் பனிக்குப் பின்னால் ஏறிய பிறகு +1.3 வரை போகலாம். ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் கறுப்பும் வலப்பக்கம் வெள்ளையுமாகப் படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள்: மேடு வலப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், ஆனால் வலது சுவரில் முட்டக் கூடாது. கேமரா சுருக்கிக் கொடுக்கும் ஜேபெக் மட்டும் எடுக்காமல், சுருக்காத மூலப் பதிவான ரா கோப்பும் எடுங்கள். பனியில் வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வித்தியாசங்கள்தான் படமே. ஜேபெக்கில் அவை சீக்கிரம் அழிந்துவிடும்.

ஆனால் இதை மட்டும் திருத்தினால் சாம்பல் படம் வெள்ளைப் படமாகும், அவ்வளவுதான். அங்கே நின்றபோது கண்ணுக்கு எது அழகாக இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு படகு தெளிவாக இருந்திருக்கும். கொஞ்சம் தள்ளி ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருப்பார், மங்கலாக. அதற்கும் அப்பால் பாலம் இருக்கிறதா இல்லையா என்றே தெரிந்திருக்காது. தூரம் கூடக் கூடப் பொருள்கள் கரைந்துகொண்டே போனதைத்தான் அழகு என்று உணர்ந்தீர்கள். படத்தில் அது வரவில்லை என்றால், பெரும்பாலும் எல்லாப் பொருள்களும் ஒரே தூரத்தில், அதுவும் தொலைவில் இருந்திருக்கின்றன என்று அர்த்தம்.

இதற்குக் கணக்கே இருக்கிறது. பனியில் ஒரு கறுத்த பொருளுக்கும் பின்னால் உள்ள வானத்துக்கும் இடையிலான வேறுபாடு தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்பதை 1924-இல் ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் கோஷ்மீடர் விளக்கினார். அந்த வேறுபாடு 2 சதவீதத்துக்கு இறங்கும் தூரத்தைத்தான் கண்ணுக்கு எட்டும் எல்லையாக வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு 400 மீட்டர் வரை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் இருக்கும் ஃபைபர் படகு கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக இருக்கும். 100 மீட்டரில் நிற்கும் ஆள் 38 சதவீதம். 200 மீட்டரில் உள்ள கம்பம் 14 சதவீதம். 300 மீட்டருக்குப் போனால் 5 சதவீதம்தான் மிச்சம். கவனியுங்கள், பாதி தூரம் போவதற்குள்ளேயே பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. கண் அந்தப் பதினான்கு சதவீதத்தைக்கூடத் தேடிப் பிடித்து, "அதோ பாலம்" என்று நமக்குச் சொல்லிவிடும். கேமரா அப்படித் தேடாது.

அதனால் நான் பனியில் நின்றவுடன் செய்வது ஒன்றே ஒன்று. அருகில் ஏதாவது கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பேன். படகின் அணியம் (முன்முனை), நட்டு வைத்த கழி, குவித்துப் போட்ட வலை, ஒரு நாய், எதுவானாலும் சரி, 5 முதல் 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, நடுத்தூரத்தில் ஒன்று, எல்லையில் ஒன்று என்று தேடுவேன். மூன்று தூரமும் ஒரே ஃபிரேமுக்குள் வந்துவிட்டால் பனி தன் வேலையைத் தானே செய்யும். உங்கள் 18-55 இதற்கு நன்றாகவே போதும். அகலமாகக் காட்டும் 18-இல் எடுக்கும்போது மட்டும் முன்னால் உள்ள பொருளுக்கு இன்னும் கிட்ட, இரண்டு, மூன்று மீட்டர் அளவுக்கு நெருங்கிப் போங்கள். இல்லையென்றால் வெறும் வெள்ளைதான் வரும். கிட்ட இழுத்துக் காட்டும் 55-இல் தொலைவு மட்டும் ஃபிரேமுக்குள் வரும். தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போது நடுவில் பனி அதிகம், அதனால் படமும் மென்மையாக இருக்கும். எனக்கு 35-க்கும் 55-க்கும் இடையில்தான் அதிகம் கிடைத்திருக்கிறது.

ஃபோகஸ் பனியில் தடுமாறும். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து, அருகிலுள்ள கறுத்த பொருளின் விளிம்பில் அந்தப் புள்ளியை நிறுத்துங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 5.6 அல்லது 8. ஆட்கள் நடமாடினால் ஷட்டர் 1/125 நொடியைவிட மெதுவாக வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 வரை போனாலும் கவலைப்படாதீர்கள். ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடுங்கள். அதைப் போட்டால் முன்னால் உள்ள துளிகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

அடுத்தது, எப்போது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று பழைய கணக்கு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். படம் எடுப்பவருக்கு மார்கழியைவிடத் தையும் மாசித் தொடக்கமும்தான் நம்பிக்கையானவை. மார்கழியில் பல நாள் மேகம் மிச்சமிருக்கும். மேகம் இருந்தால் தரையின் சூடு இரவில் வெளியேறாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் சுத்தமாகி, தரையில் மட்டும் ஈரம் மிச்சமிருக்கும் நாள்களில்தான் பனி நன்றாக இறங்கும். இரவெல்லாம் தரை குளிர்ந்து, அதை ஒட்டியிருக்கும் ஈரக் காற்றும் குளிர்ந்து, காற்றில் உள்ள ஆவி துளியாகிவிடுகிறது. பார்வைத் தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்தால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்பார்கள். காற்று பலமாக அடித்தால் இது நடக்காது.

முந்தைய இரவு 10 மணிக்கு வாசலில் நிற்கும் வண்டியின் சீட்டைத் தடவிப் பாருங்கள். அப்போதே ஈரமாக இருந்து, நட்சத்திரமும் தெரிந்து, இலை அசையாமலும் இருந்தால் அலாரம் வையுங்கள். வானிலைச் செயலியில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (dew point, காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம் என்று காட்டினால் இன்னும் நல்லது. தை மாதம் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 6.35-க்கு உதிக்கும். இந்த வகைப் பனி பெரும்பாலும் உதயத்தை ஒட்டியும் அதற்குச் சற்றுப் பிறகும்தான் மிகக் கெட்டியாக இருக்கும். பல நாள் 8 மணிக்குள் கலைந்துவிடும். 5.50-க்கே அங்கே இருங்கள். வெளிச்சம் வந்த பிறகு கையில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் இடம் தேடி அலைய முடியாது. அதனால்தான் எல்லாரிடமும் சொல்வேன்: பனி இல்லாத ஒரு சாதாரண நாளில் அதே நேரத்துக்குப் போய், எந்தப் படகு எங்கே கட்டியிருக்கிறது, எந்தக் கரையில் நடக்க முடியும், சூரியன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து வைத்துவிடுங்கள். மார்கழியிலும் தைத் தொடக்கத்திலும் சூரியன் நேர்க்கிழக்கில் உதிக்காது. 20 டிகிரிக்கு மேல் தெற்கே தள்ளித்தான் வரும். அந்தத் திசையைப் பார்த்து நின்றால் பனி ஒளிரும், ஏனென்றால் துளிகள் வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கின்றன. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

எங்கே போவது என்பதில் நிறையப் பேர் ஒரு தவறு செய்கிறார்கள். தண்ணீர் என்றவுடன் நேராகக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். தை மாதத்தில் நம் பக்கத்துக் கடல்நீர் சுமார் 26 டிகிரி இருக்கும், தரைக் காற்றோ 20, 21. கடல் சூடாக இருப்பதால் அதன்மேல் பனி கெட்டியாக நிற்பதில்லை. பொன்னேரி, மீஞ்சூர் வயல்வெளியில் உருவாகும் பனியை விடியற்காலைக் கரைக்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். கடலை எட்டும்போது அது மெலிந்திருக்கும். திருவொற்றியூர்க் கரையில் பட்டினத்தார் சமாதிப் பக்கமும், அதற்கு வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கல்வரிசைகளிலும் கிடைப்பது இந்த மெல்லிய பனிதான். அதுவும் அழகுதான். அந்தக் கருங்கற்கள் அங்கே வந்ததற்கே ஒரு காரணம் உண்டு: சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டு, மெரினா அகலமாகிக்கொண்டே போக, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே வந்தது. அதைத் தடுக்கப் போட்ட கற்கள் அவை. கடலுக்குள் நீட்டியிருக்கும் அந்தக் கல்வரிசை ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள் மறையும்போது நான் மேலே சொன்ன தூரக் கணக்கு அப்படியே கண்முன் தெரியும். கற்கள் பாசி பிடித்து வழுக்கும். நுனி வரை போக வேண்டாம்.

நீங்கள் போன எண்ணூர்தான் வடசென்னையில் இதற்குச் சிறந்த இடம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம், ஆழம் குறைந்த உப்பங்கழி, நடுவே மண் திட்டுகள், ஓரத்தில் அலையாத்திச் செடிகள், வடக்கே அனல்மின் நிலையத்துக் கோபுரங்களும் புகைபோக்கிகளும். தெளிவான நாளில் அந்தக் கோபுரங்கள் ஃபிரேமை அப்படியே விழுங்கிவிடும். பனியில் அவை மூன்றாவது தூரமாகப் பின்வாங்கி, கழியில் நிற்கும் மனிதர் பெரிதாகத் தெரிவார். இதற்காகவே நான் அங்கே திரும்பத் திரும்பப் போகிறேன். கும்மிடிப்பூண்டி லைனில் எண்ணூர் நிலையத்தில் இறங்கிப் போகலாம். ரயில் பாதையில் மட்டும் நடக்காதீர்கள். பனியில் வண்டி வருவது கடைசி நேரம் வரை தெரியாது. தண்ணீர் வற்றும் நேரமாக இருந்தால் சேற்றுத் திட்டு வெளியே தெரிந்து, கொக்கும் உள்ளானும் இறங்கியிருக்கும், எனவே ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறும் நேரமா இறங்கும் நேரமா என்பதையும் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே கழிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வீச்சுவலைக்காரர்கள் இருக்கிறார்கள். நமக்குப் பனிக்காலை, அவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீரில் பிழைப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து இந்தக் கழியில் பரவியபோது படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுத்துப்போயின. அப்போது வந்த கேமராக்களுக்குக் கணக்கில்லை. படம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், எண்ணெயைத் தேய்த்துக் கழுவியது இந்த மீனவர்கள்தான். ஆகவே கிட்டே போய் முகம் தெரிய எடுப்பதாக இருந்தால், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்தால் அடுத்த முறை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்த ஒரு படத்தை ஒரு அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அன்றிலிருந்து பிரிண்ட் இல்லாமல் அந்தப் பக்கம் போனதில்லை.

ஆலைச் சுவர்கள், துறைமுக வாசல், மின்நிலைய வளாகம் ஆகியவற்றின் ஓரமாக நின்று எடுக்காதீர்கள். ஒருமுறை ஒரு ஆலையின் மதிலோரம் வெறும் மரத்தை எடுத்துக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, அத்தனை படத்தையும் அழிக்க வைத்தார்கள். அதற்குள் பனியும் போய்விட்டது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வேறு வகை. அங்கே பனி மெலிதாகத்தான் இருக்கும், ஆனால் விளக்கு இருக்கிறது. இருட்டு விலகுவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். உயரக் கம்பத்து விளக்கின் கீழே ஐஸ் ஆவியும் பனியும் கலந்து, கூடை தூக்கி வருபவர்கள் நிழலாகத் தெரிவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேமராவை வெளியே எடுக்கவே இடம் இருக்காது; வாரநாளில் போங்கள், வேலை செய்பவர்கள் வழியில் நிற்காதீர்கள்.

தண்ணீரை ஒட்டிய கெட்டியான பனிதான் வேண்டும் என்றால் ஏரிக்குப் போக வேண்டும். புழல், ரெட்டேரி, மாதவரம் ஏரிப் பக்கங்களில் மழை முடிந்த தையில் தண்ணீர் நிறைந்திருக்கும். குளிர்ந்த காற்றுக்குக் கீழே தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால், பொங்கல் பானையிலிருந்து கிளம்புவதுபோல் நீர்மட்டத்திலிருந்தே ஆவி எழும். முழங்கால் உயரத்துக்கு மட்டும் பனி, அதற்குமேல் தெளிவு. நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும் குச்சி அதில் மிதப்பதுபோல் இருக்கும். கேமராவைத் தாழ்த்தி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பிடித்து எடுங்கள். புழல் குடிநீர் ஏரி. அனுமதிக்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். ஒருநாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகலாம். சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்புநீர் ஏரி அது. பூநாரைகள் வரும் காலமும் இதுதான். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வடசென்னையில் காலையில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பனியில்லை. போகியன்று எரிக்கும் டயரும் பழைய பொருள்களும் பனியோடு சேர்ந்து ஊரையே மூடிவிடும், விமானங்கள்கூடத் தாமதமாகும். மணலி, எண்ணூர்ப் பக்கம் மற்ற நாள்களிலும் புகை கலந்திருக்கும். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஒரேமாதிரி சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. புகைத் துகள் பனித்துளியைவிட மிகச் சிறியது. அதனால் சூரியன் செம்மஞ்சளாகவும், எதிர்ப்பக்கம் நீலம் கலந்த மங்கலாகவும் தெரியும். தொண்டை கரகரத்தால் அது புகை. போகி காலையில் நான் படம் எடுக்கப் போவதில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். படத்தின் கீழே பனி என்று எழுதாமல் புகை என்றே எழுதுங்கள். அந்தப் பகுதி மக்கள் சுவாசிக்கும் காற்று அது. அதை அழகு என்று பெயர் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏசி அறையில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோன கேமராவை அப்படியே வெளியே கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க நீர் படியும். இரவே ஏசி இல்லாத அறையில் பையோடு வைத்துவிடுங்கள், அல்லது போன பிறகு பையைத் திறக்காமல் இருபது, முப்பது நிமிடம் காத்திருங்கள். என் முதல் வருடத்தில் நல்ல பனி நாள்கள் இரண்டு இப்படியே போயின. பழைய பருத்தித் துணி ஒன்று பையில் இருக்கட்டும். கடற்காற்றில் உப்பு இருப்பதால், திரும்பி வந்ததும் கேமராவின் வெளிப்புறத்தை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். செல்போனில் எடுப்பவர்கள் எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிழலையும் தானாகச் சமப்படுத்தும் வசதி) அணைத்துவிட்டு, அருகிலுள்ள கறுத்த பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிய பிறகு, வெளிச்சத்தைத் தேவைக்கேற்ப மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும்.

கறுப்பு வெள்ளை பற்றிக் கேட்டீர்கள். அவசரப்பட வேண்டாம். ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருந்திருந்தால் கேமரா அந்த விடியற்கால நீலத்தைத் துடைத்து எடுத்திருக்கும். ரா கோப்பு இருந்தால் முதலில் அதைப் பகல் வெளிச்ச அளவுக்கு, 5500 கெல்வினுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உதயத்துக்கு முன் எடுத்தவை நீலமாகவும், பின் எடுத்தவை இளஞ்சிவப்பாகவும் திரும்பி வரும். படகில் பச்சையோ நீலமோ தீட்டியிருந்து, படம் முழுவதிலும் அந்த ஒரு நிறம் மட்டும் இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். நிறமே இல்லாத ஃபிரேமுக்கு மட்டும் கறுப்பு வெள்ளை. படத்தைத் திருத்தும் செயலியில் மங்கலை நீக்கும் டீஹேஸ் பொத்தான் பக்கம் போகாதீர்கள், அது பனியையே துடைத்துவிடும்; ஆழமான கறுப்பை மட்டும் கொஞ்சம் இறக்கினால் அருகிலுள்ள படகு தானாக உறுதிப்படும்.

அந்த நூற்றிருபதையும் அழித்துவிடாதீர்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (+1) ஏற்றிவிட்டு, அருகில் ஏதாவது கறுப்பாக இருக்கும் ஃபிரேம்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். நான்கைந்து நிச்சயம் தேறும். அவற்றை எங்கே நின்று எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த தையில் அதே இடத்துக்கு 5.50-க்குப் போங்கள்.